பாம்பன் பாலத்தை எடிட் பண்றது எப்படி?

போன வாரம் ரா ஃபைல் பத்திப் பேசினோம். இந்த எபிசோட்ல அதை வச்சு ஒரு வேலை செய்யப்போறோம்: பழைய ரயில் பாலங்களோட படங்களை எடிட் பண்றது. உதாரணத்துக்கு நம்ம பாம்பன் பழைய பாலம்.

1914-ல திறந்த பாலம், சுமார் 2 கிலோமீட்டர் நீளம். 1964 டிசம்பர் புயல்ல நிறைய கிர்டர்கள் கடலுக்குள்ள போச்சு. கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற ஷெர்சர் பகுதி தப்பிச்சு நின்னுது. ஈ. ஸ்ரீதரன் பொறுப்புல 46 நாள்ல பாலத்தைச் சரிபண்ணினாங்க. 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னுபோச்சு. 2025 ஏப்ரல்ல பக்கத்துலயே புதுப் பாலம் திறந்தாச்சு. அதனால, இனி உங்க படம் வெறும் அழகுக்கு மட்டும் இல்ல, ஒரு பதிவும்கூட. எடிட்டிங்ல எங்க நிறுத்தணும்ங்கிற கேள்வி இங்கதான் வருது.

முதல் வேலை, அடிவானத்தை நேராக்குறது. பாலத்தை வச்சு நேராக்காதீங்க. சாலைப் பாலத்துல இருந்து எடுத்தா, தூரம் போகப்போக ரயில் பாலம் சரிஞ்ச மாதிரித்தான் தெரியும். கடல்கோடுதான் உண்மையான மட்டம். அதோட லென்ஸ் கரெக்‌ஷனையும் போட்டுடுங்க. வைட் லென்ஸ்ல ஓரத்துல இருக்கிற தூண்கள் வளைஞ்சு தெரியும்.

ரெண்டாவது, வெளிச்சம். வானம் வெளுத்துப்போய், கிர்டருக்கு அடிப்பக்கம் கறுப்பா இருக்கும். ஹைலைட்டைக் குறைங்க, ஷேடோவைக் கொஞ்சம் ஏத்துங்க. ரிவெட் தெரிய ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. அதுக்கு மேல ஏத்தினா நாய்ஸ் வரும். வெயில் எந்தப் பக்கம் இருந்து அடிச்சதுன்னே தெரியாமப் போயிடும்.

மூணாவது, டீஹேஸ். கடல் மூட்டம் இருக்கிறதால எல்லாரும் இதை இழுத்துடுறாங்க. படம் முழுக்கப் போட்டா கடல் மை நீலமாகி, இரும்பு கரியாகிடும். தூரத்துல இருக்கிற பகுதிக்கு மட்டும் மாஸ்க் போட்டு லேசாக் கொடுங்க. கிளாரிட்டி ஏத்தினா, 100 சதவீதம் ஜூம் பண்ணி கிர்டர் ஓரத்தைப் பாருங்க. வானத்தை ஒட்டி வெள்ளைக்கோடு தெரிஞ்சா, அது அதிகம்னு அர்த்தம்.

நாலாவது, நிறம். ஆரஞ்சு ஸ்லைடரை ஏத்தினா பாலம் முழுக்கத் துருப்பிடிச்ச மாதிரி ஆயிடும், லைக்கும் வரும். ஆனா உப்புக்காத்து எந்த இடத்தை அரிச்சிருக்கு, எந்த இடத்துல பெயின்ட் நிக்குதுங்கிற வித்தியாசம் அழிஞ்சுபோகும். பின்னாடி இந்தப் படத்தைப் பார்க்கிற ஒரு இன்ஜினீயருக்குத் தேவைப்படறதே அந்த வித்தியாசம்தான்.

கடைசியா, ஏஐ அழிப்பான். குறுக்கே வந்த கம்பியை, ஆளை அழிக்கலாம்னு தோணும். அழிச்ச இடத்துல அது என்ன வைக்குதுன்னு பாருங்க. இல்லாத கிர்டரை, இல்லாத குறுக்குச் சட்டத்தை அதுவா வரைஞ்சுடும். ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் வித்தியாசம் தெரிஞ்சா, ‘சீரா இல்லையே’ன்னு சரிபண்ணாதீங்க. பழுது பார்த்துப் பார்த்து ஓடின பாலம் அது. புதுப் பாலத்தை அழிச்சுட்டு ‘பழைய பாம்பன்’னு போடறதும் இந்த வகைதான். அது வேண்டாம்னா, அது வராத கோணத்துல நின்னு எடுங்க.

நம்ம மென்பொருள் ஆளுங்களுக்குச் சுலபமாச் சொல்லணும்னா: ஒரிஜினல் ஃபைல்தான் மெயின் பிராஞ்ச், அதைத் தொடாதீங்க. லைட்ரூமோ, இலவசமாக் கிடைக்கிற டார்க்டேபிளோ, ரெண்டுமே மாத்தங்களைத் தனியாத்தான் எழுதி வைக்கும். எப்ப வேணும்னாலும் பின்னாடி போகலாம். எக்ஸ்போர்ட் பண்ணும்போது எடுத்த தேதி, இடம் ரெண்டையும் மெட்டாடேட்டாவுல விட்டுவைங்க. எதையாவது அழிச்சிருந்தா கேப்ஷன்ல ஒரு வரி எழுதிடுங்க.

இந்த வாரம் உங்க பழைய ஃபோல்டர்ல இருந்து ஒரு பாலத்தை எடுத்து, இந்த வரிசையில செஞ்சு பாருங்க. அடுத்த எபிசோட்ல பனோரமா ஒட்டுறது பத்திப் பேசலாம்.