பிள்ளைக் காம்பராவும் பரிவகக்கீழும்



மூளையைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். பதுளையில் நின்றுகொண்டு பேசுவதென்றால் எனக்குப் பிள்ளைக் காம்பராவிலிருந்துதான், தேயிலைத் தோட்டத்துத் தாய்மார் வேலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்திலிருந்துதான், பேச்சு வருகிறது. நானும் அங்கே கிடந்து வளர்ந்தவன்தான்.

காலை 10 மணி போல மலையிலிருந்து ஒரு தாய் இறங்கி வருகிறாள். இடுப்பில் படங்கு, விரலெல்லாம் கொழுந்துக் கறை. காம்பரா வாசலுக்கு இன்னும் இருபது எட்டு இருக்கும். உள்ளே ஒரு பிள்ளை அழுகிறது. அது அவளுடைய பிள்ளைகூட இல்லை. ஆனாலும் சட்டை நனைந்துவிடுகிறது. எந்த வாயும் மார்பைத் தொடவில்லையே, பால் எப்படி வந்தது?

கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், மூளையின் அடியில், ஒரு வாதுமைப் பருப்பளவு இடம் இருக்கிறது. எடை ஏறத்தாழ 4 கிராம். பெயர் ஹைப்போதலமஸ், பாடநூல் தமிழில் பரிவகக்கீழ். பசி, உறக்கம், உடற்சூடு எல்லாம் அதன் பொறுப்பு. அப்புத்தளைப் பனியில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கையில் பல் கிடுகிடுப்பதும் அதன் ஏவல்தான். அதையெல்லாம் இன்று விட்டுவிடுகிறேன். அங்குள்ள இரண்டு நரம்பணுத் திரள்கள் போதும்.

இவை நரம்புமாகும், சுரப்பியுமாகும். தாம் ஆக்கும் ஓமோனைத் தம் நீண்ட இழை வழியே கீழிறக்கி, கபச்சுரப்பியின் பின்பாகத்தில் இருப்பு வைக்கின்றன. அழுகுரல் காதில் விழுந்ததும் ஒக்சிடோசின் இரத்தத்தில் கலக்கிறது. பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள அணுக்கள் இறுகுகின்றன, பால் இறங்குகிறது. ‘சுரந்துவிட்டது’ என்கிறோம். உண்மையில் அது முன்பே சுரந்து தங்கியிருந்த பால். சுரக்க வைப்பது புரொலக்டின் என்ற வேறொரு ஓமோன்.

1953இல் வின்சென்ட் டு விக்னோட் ஒக்சிடோசினைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். 1955இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே திரள்களில் ஒக்சிடோசினுக்கொரு கூடப்பிறப்பு உண்டு: உடம்பின் நீரைக் காக்கும் வாசோபிரெசின். இரண்டும் 9 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலிகள். அவற்றில் 2தான் வேறு. ஒன்று பால் இறக்கும், மற்றது நீரைப் பிடித்து வைக்கும்.

கச்சான் காற்று வீசும் ஜூலை, ஆகஸ்டில் வியர்த்து வியர்த்து இரத்தம் செறிவாகும். நூற்றுக்கு 1, 2 பங்கு கூடினாலே பரிவகக்கீழுக்குத் தெரிந்துவிடும். சிறுநீரகத்துக்கு வாசோபிரெசின் போகும், நமக்குத் தாகம் எடுக்கும். ஆனால் கொழுந்து மலையில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? அதனால் நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். என் அம்மா கொண்டுபோகும் போத்தல் பின்னேரம் பாதிக்கு மேல் நிரம்பியே திரும்பும். அதோடு நீர்க்கடுப்பும் வரும். நீர்க்கடுப்புக்கு மருந்து எழுதுவது மருத்துவர்களான எங்களுக்கு எளிது. எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முதலில் வேண்டியது மலையில் ஒரு கக்கூஸ்.

ஒக்சிடோசினுக்கு இன்னொரு குணம்: மனம் பதறினால் இறங்காது. பறித்த கொழுந்தில் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அரைநாள் சம்பளம்தான், விழும் என்ற நினைப்போடு ஓடி வந்தவளின் மடியில் பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு வீறிடும். அப்போது காம்பரா ஆயா சொல்வார்: “பறக்காத தாயி. காலை நீட்டி உக்காரு. இந்தா, தேத்தண்ணியக் குடி.”

ஆயாவுக்கு ஓமோன் தெரியாது. தேத்தண்ணி பாதி இறங்குவதற்குள் பிள்ளையின் தொண்டையில் மொடக் மொடக்கென்று சத்தம் கேட்கும்.