கருப்பையின் உட்சுவரும் ஒரு மாத்திரையும்
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இங்கே விலங்கியல் துறையில் தவளையை அறுத்துவிட்டு மருத்துவம் படிக்கப் போனவள் நான். இன்று அவசரக் கருத்தடை மாத்திரை பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைக் கேட்டதும் செயலாளர் அண்ணன் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் "சரிம்மா, பேசு"ன்னு விட்டுட்டார்.

"இந்த மாத்திரை கருப்பையின் உட்சுவரை மாற்றி, உருவான கருவை ஒட்டவிடாமல் செய்யும்" என்று பல வருடம் நானே சொல்லி வந்தேன். நாங்கள் படித்தது அப்படித்தான். ஒருநாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண், ஆணுறை கிழிந்துவிட்டது என்று வந்தாள். நான் விளக்கியதும், "அப்போ உசுரக் கொல்றதுதானே டாக்டர்? வேணாம்" என்று எழுந்து போய்விட்டாள். ஏழு வாரம் கழித்து அழுதுகொண்டு வந்தாள்.

உண்மை வேறு. பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனைச் சட்டென்று உயர்த்தும்போதுதான் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவரும். அந்த உயர்வுக்கு முன் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரலை விழுங்கினால் முட்டை வருவது தள்ளிப்போகும். காத்திருக்கும் விந்தணுக்கள் சுமார் ஐந்து நாளில் மடிந்துவிடும். முட்டை வந்துவிட்டால் மாத்திரையால் பயன் இல்லை. 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பது இதனால்தான்.

உட்சுவர் என்ன ஆகிறது? முட்டை வந்தபின் உடம்பே புரொஜெஸ்டிரானைச் சுரந்து உட்சுவரைக் கருவுக்குத் தயார்ப்படுத்துகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரலும் அதே குலத்து மருந்துதான். 2007ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் உட்சுவர்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, மனிதக் கருக்களை அதில் விட்டுப் பார்த்தார்கள். லெவோநார்ஜெஸ்ட்ரல் இருந்தபோதும் கருக்கள் ஒட்டின. மிஃபெப்ரிஸ்டோன் இருந்தபோது ஒன்றுகூட ஒட்டவில்லை. அதுதான் கருக்கலைப்பு மாத்திரை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது நம் வழக்கம். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ., 2022 டிசம்பரில்தான் மருந்துத் தாளிலிருந்து அந்தப் பழைய வரியை நீக்கியது. லேட்டுதான், ஆனா நீக்கினாங்க.

மாத்திரைக்குப் பின் மாதவிலக்கு சில நாள் முந்தலாம், பிந்தலாம். அதைப் பார்த்து 'கர்ப்பப்பை கெட்டுப்போச்சு' என்று பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க 2005லேயே அனுமதி வந்தது. நம்ம ஊர்க் கடையில் கேட்டால் மேலும் கீழும் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்பவர்கள்தான் அதிகம். அந்தக் கதையைப் பேசினால் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

அந்தப் பெண் இன்றும் என்னிடம்தான் வருகிறாள். மூன்றாவது பையன் பிளஸ் டூ. அன்று நான் சொன்னது தப்பு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.