உடலுக்குள் ஒரு வலை



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைச் சாலையில் வெள்ளைச் சாக்குகளை ஏற்றிச் செல்லும் லாரிகளைக் கண்டிருப்பீர்கள். சிமெண்டுச் சாக்குகள் பல பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் நெய்யப்பட்டவை. அது மட்காது, எளிதில் அறாது. அதே வகைப் பொருளால் பின்னிய மெல்லிய வலையை மருத்துவர்கள் மனித உடலுக்குள்ளும் வைப்பதுண்டு.

பல பிள்ளைகளைப் பெற்று, பேறுகால ஓய்வுமின்றி வயலிலும் செங்கற்சூளையிலும் சுமை தூக்கிய பெண்களுக்கு இடுப்புத் தசைகள் தளர்ந்து கருப்பை கீழிறங்குவதுண்டு. திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களிலும் இத்தகைய உழைப்பு புதிதன்று. நாணத்தால் நோயை மறைத்து வாழ்வோர் பலர்.

தளர்ந்த இடத்திற்கு முட்டுக் கொடுப்பதுபோல், பிறப்புவழியே பொருத்தும் வலைக்கு அமெரிக்காவில் 2002இல் விற்பனை அனுமதி கிடைத்தது. குடலிறக்கத்திற்குப் பயன்பட்ட வலையை ஒத்தது இது என்று கருதினரேயன்றி, நெடுங்காலச் சோதனையை முன்னதாகக் கோரவில்லை. வயிற்றுச் சுவர் வேறு, மெல்லிய பிறப்புவழி வேறு என்பதைக் காலம் கற்பித்தது.

வலைக்கண்களுக்குள் சதை வளர்ந்து பற்றிக்கொள்வதே அதன் வலிமை. அதுவே அதன் தொல்லையும் ஆகும். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து வலை சதையை அரித்து வெளித்தெரிந்தது. சுருங்கி ஓயாத வலி தந்தது. குருதிக்கசிவும் தாம்பத்திய வேதனையும் வந்தன. கோயிற் சுவரில் வேரோடிய ஆலங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் பெயர்கின்றதன்றோ? வலையை அகற்றுவதும் அத்தகையதே.

2008இலும் 2011இலும் எச்சரித்த அமெரிக்க அரசு, 2019 ஏப்ரலில் இவ்வகை வலையின் விற்பனையை நிறுத்தச் சொன்னது. இங்கிலாந்து 2018இலேயே இச்சிகிச்சையை நிறுத்தி வைத்தது. வயிற்றின் வழியே வலை பொருத்தும் முறை வேறு, அது தொடர்கின்றது. வலை வைத்தோர் அனைவருக்கும் தீங்கு நேர்வதுமில்லை. தசைப் பயிற்சி, தாங்கு வளையம், உடலின் சொந்தச் சதையையே தைத்துச் சீராக்கல் ஆகியவையும் உண்டு.

மாணவர்களே, உங்கள் இல்லத்தில் எவரேனும் இச்சிகிச்சை பெற்றிருந்தால், வலை வைத்தார்களா என்று கேட்டு, மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து வலி வந்தாலும், "வயதானால் வருவதுதான்" என்று சொல்லிவிடாமல், அச்சீட்டுடன் மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புதிய சிகிச்சை எதுவாயினும், "எத்தனை ஆண்டுகள் பார்த்துச் சொல்கிறீர்கள்?" என்று கேட்கும் துணிவே அறிவியற் கல்வியின் பயன். அக்கேள்வியை நாணத்தால் கேட்க இயலாத தாய்க்காக, நீங்கள் கேளுங்கள்.