பறிமுதலா, கைப்பற்றுதலா?

(குறுவள மையக் கூட்டத்தில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வு இது. கண் சொக்கும் நேரம். அதனால் ஒரு காவல் நிலையக் கதையோடு தொடங்கிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஆடித் தேரோட்டம் முடிந்த மறுநாள். காலை வழிபாட்டுக் கூட்டம் கலைந்து நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா கிரீஸ் படிந்த கையோடு வாசலில் நிற்கிறார். பைக் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். "டீச்சர், பையனோட ட்ரோனை போலீஸ் பறிமுதல் பண்ணிட்டாங்க. அப்படிப் பண்ணலாமா டீச்சர்?" என்றார்.

அந்த ட்ரோனை எனக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதமாக எங்கள் ஆய்வகத்தின் மூலையில் வளர்ந்த பிள்ளை அது. நான்கு மோட்டார், ஒரு கட்டுப்பாட்டுப் பலகை, பழைய ஒளிப்படக் கருவி ஒன்று. முதல் நாள் அது மேசையை விட்டு ஒரு சாண் எழும்பி, கவிழ்ந்து, இறக்கையை உடைத்துக்கொண்டது. அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உந்துவிசையும் எடையும் நான் கரும்பலகையில் எழுதியபோது புரியாதவன், அன்று மாலை தானாகவே கணக்குப் போட ஆரம்பித்தான். கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம், 780 கிராம். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பெயரும் கொடுத்தாயிற்று.

அதைத்தான் அவன் தேரோட்டத்தன்று ரத வீதிக்கு எடுத்துப் போயிருக்கிறான். தேரை மேலிருந்து படம் பிடிக்க ஆசை. எழும்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லையாம். பந்தோபஸ்துக்கு நின்ற எஸ்.ஐ. கீழே இறக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு, "ஸ்டேஷன்ல வந்து பாரு" என்று சொல்லிவிட்டார். ரசீது இல்லை, கையெழுத்து இல்லை.

"பண்ணலாமா" என்று அவர் கேட்ட கேள்விக்கு எனக்கு அன்று பதில் தெரியாது. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, வழக்கறிஞராக இருக்கும் என் பழைய மாணவி ஒருத்திக்குத் தொலைபேசினேன். அவள் முதலில் என் சொல்லைத்தான் திருத்தினாள். "டீச்சர், பறிமுதல் வேற, கைப்பற்றுதல் வேற."

நாம் இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறோம். செய்தித்தாள்களும் அப்படித்தான்: மணல் லாரி பறிமுதல், செல்போன் பறிமுதல். சட்டத்தில் கைப்பற்றுதல் என்பது விசாரணைக்காகப் பொருளைத் தற்காலிகமாகத் தன் பொறுப்பில் எடுப்பது. பொருள் இன்னமும் உங்களுடையதுதான். பறிமுதல் என்றால் உங்கள் உரிமையே போய்விட்டது என்று பொருள். குற்ற வழக்கில் அதைச் சொல்ல வேண்டியது நீதிமன்றம். காவல் நிலையம் அல்ல. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று நம் அரசமைப்புச் சட்டத்தின் 300ஏ பிரிவு சொல்கிறது. நூறு ஏக்கர் நிலத்துக்கும் 780 கிராம் ட்ரோனுக்கும் அது ஒன்றுதான்.

அப்படியானால் கைப்பற்ற அதிகாரம் உண்டா? உண்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 102ஆம் பிரிவு அதில் 106. ஒரு குற்றம் நடந்திருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பும் சூழ்நிலையில் கிடைக்கும் பொருளைக் காவல் அலுவலர் கைப்பற்றலாம். ஆனால் எடுத்ததை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது சிரமமான பொருள் என்றால், கேட்கும்போது கொண்டுவருவேன் என்று பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒருவரிடம் ஒப்படைக்கவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. இதற்கு முந்தைய 105ஆம் பிரிவு புதிது. கைப்பற்றும் நடவடிக்கையையும், பொருள்களின் பட்டியல் தயாரித்துச் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கைப்பேசியில் எடுத்தாலே போதும்.

ஆக, எஸ்.ஐ. எடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். எடுத்த பிறகு ஒரு தாள்கூட எழுதாததுதான் தவறு.

அடுத்து, பையன் என்ன தவறு செய்தான்? இந்தப் பகுதி நமக்கு மிகவும் வேண்டியது. ஏனென்றால் இதில் பாதித் தவறு என்னுடையது.

2021 ஆகஸ்ட் 25 முதல் நம் நாட்டில் ட்ரோன் விதிகள், 2021 நடைமுறையில் உள்ளன. எடையை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. எங்களுடையது மைக்ரோ. வணிக நோக்கம் இல்லாமல் மைக்ரோ ட்ரோன் ஓட்ட உரிமம் வேண்டாம். ஆனால் தனி அடையாள எண் வாங்கியிருக்க வேண்டும். அதற்கு விதிகளில் சொன்ன கட்டணம் வெறும் நூறு ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். நானோவுக்கு மட்டும்தான் அதில் விலக்கு. பறக்கவிடும் முன் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது.

இதே விதிகளில் பள்ளிகளுக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஆறு மாதம் ட்ரோன் செய்த எனக்கே அது தெரியவில்லை. அரசின் நிர்வாகத்தில் உள்ள, அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனம், ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் தன் வளாகத்துக்குள் பச்சை மண்டலத்தில் ட்ரோன் இயக்கினால் வகைச் சான்றிதழும் வேண்டாம், அடையாள எண்ணும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். எங்கள் மைதானத்தில் அவன் செய்த சோதனைகள் எல்லாம் இதில் அடங்கும். அதே ட்ரோன் பள்ளிச் சுவரைத் தாண்டி ரத வீதிக்குப் போனதும் கதை மாறிவிட்டது. எண் இல்லை, காப்பீடு இல்லை, கீழே பெருங்கூட்டம். ஆளுக்கோ பொருளுக்கோ ஆபத்து வரும்படி இயக்கக் கூடாது என்று விதி தெளிவாக இருக்கிறது. சுவர் எங்கே முடிகிறது என்று நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

விதிகளை மீறினால் என்ன தண்டனை? ட்ரோன் விதிகள் சொல்வது, நம் தரப்பைக் கேட்ட பிறகு விதிக்கப்படும் அபராதம். ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். அதை விதிப்பவர் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தலைமை இயக்குநர் அல்லது அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலர். தெருவில் நிற்கும் எஸ்.ஐ. அல்ல. ஆனால் கூட்டத்துக்கு ஆபத்து விளைவித்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின்படியே குற்றம் ஆகலாம். அப்போது காவல் துறைக்கு நேரடி வேலை வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. முக்கியப் பிரமுகர் வருகை போன்ற சமயங்களில், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஓர் இடத்தை அதிகபட்சம் 96 மணி நேரத்துக்குத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். நேற்றுப் பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாக இருக்கும். அதனால்தான் அன்றன்றைக்கு வரைபடம் பார்க்கச் சொல்கிறார்கள்.

(வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தப்பாவோ ட்ரோன் வாங்கி வந்து விமான நிலையத்தில் மாட்டுவது வேறு சங்கதி. வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. ஆராய்ச்சி, பாதுகாப்புப் பணிகளுக்குத்தான் விலக்கு. அங்கே நடப்பது சுங்கச் சட்டப்படி. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை என்பதால் நம் பிள்ளைகள் பிழைத்தார்கள்.)

சரி, நிலையத்துக்கு வருவோம். மூன்றாம் நாள் மாலை நானும் அப்பாவும் பையனும் போனோம். அப்பா பெயரில் நான்கு வரி மனு எழுதிக் கொண்டுபோனேன். எந்தப் பிரிவின் கீழ் எடுத்தீர்கள், பட்டியலின் நகல் வேண்டும், நடுவருக்குத் தெரிவித்தாயிற்றா, விசாரணைக்குத் தேவையில்லை என்றால் திருப்பித் தர வேண்டுகிறோம். அவ்வளவுதான். சண்டைக்குப் போகும் தொனி ஒரு சொல்லில்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையானவர். "உட்காருங்க டீச்சர்" என்றார். மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பசங்க விளையாட்டுச் சாமானுக்கு மகஜரா?"

"விளையாட்டுச் சாமான்னா திருப்பிக் கொடுத்துடலாமே சார்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பையனைப் பார்த்தார். "தம்பி, வடம் பிடிச்சு நின்னது எத்தனை ஆயிரம் பேர் தெரியுமா? அது ஒருத்தர் தலையில விழுந்து அவர் கத்தினா, கூட்டம் எந்தப் பக்கம் ஓடும்னு எனக்கே தெரியாது. குழந்தை குட்டியெல்லாம் நிக்குது." அதற்கு என்னிடம் பதில் இல்லை. பையன் தலை குனிந்தது. ஆறு மாதம் நான் சொல்லிக் கொடுத்த இயற்பியலில் இந்தக் கணக்கு இல்லை.

ஆனாலும் மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கினோம். வழக்குப் பதிவதா வேண்டாமா என்பதை அவர்கள் அதன் பிறகுதான் யோசித்தார்கள் என்று நினைக்கிறேன். ஒன்பதாம் நாள் கூப்பிட்டார்கள். வழக்கு இல்லை. இனிமேல் கூட்டத்தில் பறக்கவிட மாட்டான் என்று அப்பாவிடம் எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். வழக்குப் பதிந்திருந்தால் நடுவரிடம் மனுப் போட்டு இடைக்காலப் பொறுப்பில் கேட்டிருக்கலாம்; அதற்கு 497, 503 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. கைப்பற்றிய பொருள்கள் காவல் நிலையத்தில் நீண்ட நாள் கிடந்து வீணாகக் கூடாது. புகைப்படம் எடுத்து, பட்டியல் எழுதி, பிணை வாங்கிக்கொண்டு விரைவில் விடுவியுங்கள் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் பின்னணி வேடிக்கையானது. நிலையத்தில் இருந்த வழக்குச் சொத்துகளைக் காவலர்களே மாற்றி வைத்துக் கையாடினார்கள் என்பதுதான் அதில் குற்றச்சாட்டு.

எங்கள் ட்ரோனில் எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் பேட்டரி அப்பளம் போல உப்பியிருந்தது. லித்தியம் பாலிமர் பேட்டரியை முழுச் சார்ஜில் வெப்பமான அறையில் போட்டு வைக்கக் கூடாது. சேமித்து வைக்கும்போது ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒரு நிமிடம்கூடப் பறக்காததால் அது 4.2 வோல்ட்டுக்கு அருகிலேயே ஒன்பது நாள் தகரக் கூரை அறையில் கிடந்திருக்கிறது. தீப்பிடித்திருந்தால் நிலையத்துக்கும் ஆபத்து. எடுத்த அன்றே பட்டியல் எழுதியிருந்தால், "இதில் பேட்டரி இருக்கிறது, கழற்றித் தனியே வையுங்கள்" என்று பையனே சொல்லியிருப்பான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் ட்ரோனை ஆசிரியர் அறையில் என் அலமாரியில் வைக்கலாம் என்று கதவைத் திறந்தேன். பையன் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அலமாரியின் கீழ்த் தட்டை அவன் பார்த்தான். நீங்களும் உங்கள் அலமாரியின் கீழ்த் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இரண்டு கைப்பேசி, ஒரு காதொலிப்பான், நான்கு பம்பரம், ஒரு கிரிக்கெட் பந்து, வாசனைப் பேனா, ஒரு வாய் ஆர்கன்.

"இதெல்லாம் எங்ககிட்ட இருந்து எடுத்ததா டீச்சர்?"

"ஆமா."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஒன்பது நாள் முன்னால் அவன் அப்பா கேட்ட அதே கேள்விதான்.

காவலருக்காவது 106ஆம் பிரிவு இருக்கிறது. என் கையில் என்ன பிரிவு இருந்தது? வகுப்பு நடக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம் மட்டும்தான். அந்த எஸ்.ஐ.க்கும் அதே நல்ல நோக்கம் இருந்திருக்கும். இனி எடுக்கவே மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. பாடம் நடக்கும்போது பம்பரம் சுற்றினால் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மறுநாள் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். நாள், பொருள், யாருடையது, ஏன் எடுத்தேன், எப்போது திருப்பிக் கொடுப்பேன், பிள்ளையின் கையெழுத்து. பேட்டரி உள்ள பொருள் என்றால் அதையும் எழுதுகிறோம். அது அவன் சொல்லிச் சேர்த்த கட்டம். பந்தும் பம்பரமும் அன்று மாலையே போய்விடும். கைப்பேசி என்றால் பெற்றோர் கையில்தான். அப்பா வாங்கிக் கொடுத்த புதிய பேட்டரியோடு ட்ரோன் இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்கள் மைதானத்தில் பறக்கிறது. சுவரைத் தாண்டுவதில்லை. அடையாள எண்ணுக்கு அப்பா பெயரில் விண்ணப்பிக்க ஏற்பாடு நடக்கிறது.

பழையவற்றை எல்லாம் உரியவர்களைத் தேடிக் கொடுத்துவிட்டேன். வாய் ஆர்கன் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த வகுப்பில், யாரிடமிருந்து, எந்த ஆண்டு எடுத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.