எண்ணப்படாத ஆடு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தினின்று மன்னாரில் கரையேறிய தொழிலாளர், வடபுலக் காடுகளைக் கால்நடையாகக் கடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் நோயாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்தம் பெயர்களை எவரும் எழுதி வைத்திலர். எஞ்சியோரின் சந்ததியாருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அக்குறை நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. லயன் அறைகளில் வறுமையோ இன்னும் நீங்கவில்லை.

பசித்தவனுக்குச் சோறிடல் கடனே. உரிமையிழந்தவனுக்கு அது மட்டும் போதுமா?

1835இல் பிரான்சில் நல்லாயன் கன்னியர் சபையை நிறுவிய புனித மரிய யூப்ரேசியா, ஓர் ஆன்மா உலகனைத்தினும் பெறுமதியுடையது என்னும் கொள்கையை அதன் உயிர்நாடியாக்கினார். அச்சபையினர் 1869இல் இலங்கைக்கு வந்தனர். மாத்தளையையும் உள்ளடக்கிய கண்டி மறைமாவட்டத்தில், கண்டி நகரில் 1889இல் மடம் அமைத்தனர். கல்வியும் அடைக்கலமும் அவர்தம் பணிகளாயின. வறுமையின் காரணங்களையும் உலகமன்றில் எடுத்துரைத்தல் வேண்டுமென்று, 1996இல் ஐக்கிய நாடுகள் சபையில் ஆலோசனைத் தகுதியும் பெற்றனர்.

2030க்குள் வறுமையை ஒழிப்பதாக 2015இல் உலக நாடுகள் உறுதிபூண்டன. அரசுகள் வறியோரைத் தொகையாக எண்ணுகின்றன. தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் உவமையில் ஊன்றிய விசுவாசமோ, ஒவ்வொருவராக எண்ணுகிறது. மாத்தளை வழியில் பெயரின்றி மாண்டோர் வேண்டி நிற்பதும் அக்கணக்கையே.