கணையக் கல்லும் புற்றுநோயும்: படங்கள் காட்டுவது என்ன?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே கிடக்கும் சுரப்பி. உணவைச் செரிக்க வைக்கும் நீரும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலினும் அங்கே சுரக்கின்றன. ஆண்டுக்கணக்கில் புண்பட்டு, தழும்பேறி அது இறுகிப்போவதே நாள்பட்ட கணைய அழற்சி. மது இதற்கு ஒரு பெரிய காரணம். மதுவைத் தொடாதவர்களுக்கும் இளவயதிலேயே கணையக் குழாயில் கல் சேரும் ஒரு வகை தென்னிந்தியாவில் உண்டு. கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960-களில் அதை விரிவாக ஆராய்ந்தார்.

சுண்ணாம்புச் சூளையில் சுடும் கல்லும் கணையத்தில் சேரும் கல்லும் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கால்சியம் கார்பனேட். அதனால்தான் சாதாரண வயிற்று எக்ஸ்ரேயிலேயே அது வெள்ளை வெளேரென்று தெரிகிறது.

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சென்னையில் தென்னிந்தியக் கணையக் கல் வகை நோயுள்ள 185 பேரைச் சராசரி நாலரை ஆண்டு கவனித்த ஆய்வு 1994-இல் வெளியானது. இறந்த 24 பேரில் 6 பேரைக் கொன்றது கணையப் புற்றுநோய். ஆனாலும் ஆறு நாடுகளில் நடந்து 1993-இல் வெளிவந்த ஆய்வின்படி, நாள்பட்ட கணைய அழற்சி உள்ள நூறு பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கே 20 ஆண்டுக்குள் இந்தப் புற்றுநோய் வருகிறது. எனவே அச்சம் வேண்டாம், விழிப்பு வேண்டும்.

கண்டுபிடிப்பதில் உள்ள சிக்கல், அழற்சியால் வரும் கட்டியும் புற்றுக்கட்டியும் ஒன்றுபோலத் தோன்றுவது. இரண்டிலும் நார்த்தழும்பு மிகுதி. வயிற்று அல்ட்ராசவுண்டில் குடலின் காற்று கணையத்தை மறைத்துவிடும். ஆகவே முதல் நம்பிக்கை, நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன். மருந்து கணையத்தில் நிறையும் வேளையில் ஒரு படம், கல்லீரலை எட்டியபின் இன்னொன்று. புற்றுக்கட்டிக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் சுற்றுப்புறத்தைவிட மங்கலாகத் தெரியும். கணையக் குழாய் திடீரென வெட்டுப்பட்டு நிற்பதும், பக்கத்து ரத்தக்குழாயைக் கட்டி சூழ்வதும், பழைய கற்கள் இடம் தள்ளிப்போவதும் சந்தேகத்தைக் கூட்டும்.

எம்.ஆர்.ஐ. முறையில் குழாயை மட்டும் தனியே படமெடுக்கலாம். கட்டிக்குள் குழாய் சீராக ஒடுங்கி ஊடுருவிச் சென்றால் அழற்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெட் ஸ்கேனில் புற்றுநோயைப் போலவே அழற்சியும் ஒளிரலாம். ஐயம் தீராதபோது, வாய் வழியே செலுத்தும் எண்டோஸ்கோப்பின் நுனியிலுள்ள அல்ட்ராசவுண்ட் கணையத்தை மிக அருகில் பார்க்கும். அதன் வழியே ஊசியால் திசு எடுக்கலாம். தழும்பேறிய கணையத்தில் ஊசி புற்றைத் தவறவிடவும் கூடும். அதனால், புற்று இல்லை என்று வரும் ஒரே முடிவோடு சந்தேகத்தை மூடிவிடக் கூடாது.

உடல் எடை திடீரெனக் குறைதல், மஞ்சள் காமாலை, வலியின் தன்மை மாறி முதுகுக்குப் பரவுதல், கட்டுக்குள் இருந்த சர்க்கரை காரணமின்றி ஏறுதல் ஆகியவை தோன்றினால் படம் எடுக்கத் தாமதிக்கலாகாது. மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.க்கு முன் சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று ரத்தப் பரிசோதனை அவசியம். பழைய படங்களும் கூடவே போக வேண்டும். கல்லும் தழும்பும் நிறைந்த கணையத்தில் எது புதியது என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டே மருத்துவர் தெளிவாகக் காண முடியும்.