எதிரே வருபவரும் வீடு திரும்ப வேண்டும்



கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் செல்லும் கூட்டரசு 3-ஆம் எண் சாலையில் இரவில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இருமருங்கிலும் செம்பனை, பல இடங்களில் நடுத்தடுப்பு கிடையாது. எதிர்க்காரின் ஒளி கண்ணில் அடித்தால், நமக்கு முன்னே ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிளே தெரியாமல் போகிறது. "ஹைபீம் போட்டு வருகிறானே" என்று திட்டுகிறோம். அவர் தாழ்ந்த ஒளியில்தான் வந்திருப்பார்; விளக்குதான் மேல்நோக்கித் திரும்பியிருக்கும்.

லோரி, பேருந்துகளுக்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறை சோதனை உண்டு. சொந்தக் கார்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பொறுப்பு நம்முடையது. வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

டயர் காற்றைச் சரிபாருங்கள். பின்பெட்டியைக் காலி செய்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். விளக்கின் உயரத்தை மாற்றும் திருகு உள்ளே இருந்தால் 0-வில் வையுங்கள். சமதரையில் காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரு விளக்குகளின் நடுப்புள்ளிகளையும் சுவரில் டேப்பால் குறியுங்கள். பிறகு நேராக 10 மீட்டர் பின்னால் வந்து, தாழ்ந்த ஒளியைப் போடுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்து, மற்றதைப் பாருங்கள்.

ஒளியின் மேல்விளிம்பு, குறியிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். விளக்கருகே 1.3 சதவீதம் என்பதுபோல் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அது 10 மீட்டரில் 13 சென்டிமீட்டர். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், விளிம்பு இடப்பக்கம் சற்று மேலேறும். அது கோளாறல்ல; சாலையோரத்தைக் காட்டவே அப்படி. சரியில்லை என்றால், விளக்கின் பின்புறத் திருகைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

தாமான் வீட்டில் அவ்வளவு இடம் ஏது என்பீர்கள். 5 மீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர். ஆனால் சிறு பிழையும் சாலையில் பெரிதாகும். அளவில் கவனம் தேவை.

பயந்து அதிகமாகத் தாழ்த்தியும் விடாதீர்கள். 65 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் ஒளி, சரியாக வைத்தால் 65 மீட்டரில் தரையைத் தொடும். இருமடங்கு தாழ்த்தினால் 32 மீட்டர்தான். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது ஒன்றேகால் வினாடிப் பயணம். பிரேக்கில் கால் வைப்பதற்குள் கடந்துவிடும்.

இன்னொன்று: ஹலோஜன் விளக்குக் கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகியிருந்தால், ஒளி சிதறக்கூடும். சிதறும் ஒளியைத் திருகு திருத்தாது. பழைய வகை பல்பையே மாட்டுங்கள்.

ஒரு சுவர், ஒரு டேப், அரை மணி நேரம். அடுத்த வெளியூர்ப் பயணத்திற்கு முன் செய்துவிடுங்கள்.